நாகைக் கப்பல்ல போய் யாழ்ப்பாணத்தில் பைக் ஓட்டணும்: நம்ம ரூல்ஸும் அவங்க ரூல்ஸும்

ஓ.டி.துறைமுகம் | காலை 6:40

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் ஓட ஆரம்பிச்சதிலிருந்து கடலூர், பாண்டி பக்கம் நிறைய பேர் யாழ்ப்பாணம் போயிட்டு வர்றாங்க. இறங்கின உடனே வாடகைக்கு ஸ்கூட்டர் கிடைக்கும்னு சொல்றாங்க. எனக்கு மூணு கேள்வி. நம்ம லைசென்ஸ் அங்கே செல்லுமா? ரெண்டு நாட்டிலயும் இடது பக்கம்தான் ஓட்டுறாங்க, அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்? "அங்கே ரூல்ஸை மதிப்பாங்க, விபத்து கம்மி" என்பது நிஜமா?

விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. "நான் போனப்போ" கதை வேண்டாம், சட்டமும் நடைமுறையும் போதும்.

---

கெடிலக்கரை | காலை 7:15

முதல் கேள்விக்கு மட்டும் இப்போ. நம்ம ஸ்மார்ட் கார்டு லைசென்ஸ் மட்டும் காட்டினா செல்லாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்கணும். மத்திய அரசோட பரிவாகன் இணையதளத்துல சாரதி பகுதிக்குப் போய், மாநிலம் தமிழ்நாடு அல்லது புதுச்சேரின்னு தேர்ந்தெடுத்து, படிவம் 4ஏ. கட்டணம் 1,000 ரூபாய். பாஸ்போர்ட் நகல், விசா நகல் (இலங்கைக்கு ஈ.டி.ஏ., அதாவது மின்னணுப் பயண அனுமதித் தாள்), புகைப்படம். கடலூர்க்காரங்களுக்கு டிஎன் 31 ஆர்.டி.ஓ. அலுவலகம், பாண்டிக்காரங்களுக்கு பிஒய் 01. எந்த அலுவலகத்துப் பதிவேட்டில உங்க உரிமம் இருக்கோ அங்கேதான்.

ஒரு வருஷம் செல்லும். ஆனா அதுக்குள்ள உங்க மூல உரிமம் காலாவதியானா அதுவும் அன்னிக்கே செத்துப்போகும். 40 வயசைத் தாண்டினவங்க கார்டுல உள்ள காலாவதித் தேதியை முதல்ல பாருங்க.

பலர் சறுக்குற இடம் வேற. அந்தச் சின்னப் புத்தகத்துல ஏ, பி, சி என்று கட்டம் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு ஏ, காருக்கு பி. உங்க உரிமத்துல கார் மட்டும் இருந்தா பி கட்டத்துல மட்டும்தான் முத்திரை விழும். அதை வச்சுக்கிட்டு அங்கே ஸ்கூட்டி ஓட்டினா உரிமமே இல்லாம ஓட்டின கணக்கு. வாங்கின உடனே கவுன்ட்டர்லயே பக்கத்தைப் புரட்டிப் பாருங்க.

---

வடமராட்சி | காலை 7:52

கெடிலக்கரை அண்ணை சொன்னது பாதி வழி. இலங்கையில அந்தச் சர்வதேசப் புத்தகத்தை அப்பிடியே காட்டி ஓடேலாது. கொழும்பில இருக்கிற இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில அதுக்கு ஒப்புதல் எடுக்கவேணும். இல்லையெண்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கவேணும். 2025இல கட்டுநாயக்க விமான நிலையத்திலயும் அதுக்கு ஒரு கவுன்ட்டர் திறந்தவை.

சிக்கல் விளங்குதோ? விமானத்தில வாறவைக்கு அது வழியிலயே இருக்கு. கப்பல்ல காங்கேசன்துறையில இறங்கிறவைக்குக் கொழும்பு நாட்டின்ர மற்றப் பக்கம். ஒரு ஒப்புதலுக்காக ஒரு பகல் முழுக்க ரயில்ல இருக்கவேணும். அதால முதலே ஒழுங்கு செய்யாமல் கப்பல் ஏறினால், ஆட்டோவோ சாரதியோட வானோ பிடிக்கிறதுதான் சரி.

வாடகைக்குக் குடுக்கிற ஆள் "ஒரு பிரச்சினையும் இல்லை, கொண்டு போங்கோ" எண்டுதான் சொல்லுவார். அவருக்கு உண்மையிலயே பிரச்சினை இல்லை. இடிபட்டால் காப்புறுதிக் கொம்பனி கேக்கிற முதல் கடதாசி ஓடினவற்ற அனுமதிப்பத்திரம். அது சரியில்லையெண்டால் நட்டம் முழுக்க உங்கட தலையில.

பைக்கை எடுக்க முதல் மூண்டு கடதாசி பாருங்கோ: வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ். வருமான அனுமதிப்பத்திரத்தில திகதி இருக்கும், அது ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கவேண்டிய ஒண்டு. புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் அதைப் புதுப்பிக்கேலாது. அது காலாவதியெண்டால் மற்ற ரெண்டையும் நம்பாதேங்கோ.

---

மரப்பாலம்சிக்னல் | காலை 8:30

அந்த வருமான அனுமதிப்பத்திரம் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. நம்ம பக்கம் பைக்குக்கு ஆயுள் வரி ஒரு தடவை கட்டினா முடிஞ்சது. இன்சூரன்ஸ் தனி, புகைச் சான்று தனி. ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணு நிக்காது. போலீஸ் கையைக் காட்டி நிறுத்தினாத்தான் தெரியும். புது ஸ்கூட்டர் வாங்கும்போது அஞ்சு வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்னு சேர்த்தே தந்துடறாங்க. ஆறாவது வருஷம்தான் பாதி பேர் மறந்துடறாங்க.

இன்னொண்ணு, இங்கேயே ரெண்டு நாடு மாதிரிதான் வாழ்றோம். பிஒய் பதிவு வண்டியைக் கடலூர்ல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 47ஆவது பிரிவுப்படி தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாத்தணும். படிவம் 28இல தடையில்லாச் சான்று, அப்புறம் இங்கே வரி. மஞ்சக்குப்பத்துல குடியிருந்துக்கிட்டு வருஷக்கணக்கா பிஒய் 01 ஓட்டுறவங்க எத்தனை பேர்னு நான் சொல்லத் தேவையில்லை.

---

முந்திரிக்காடு | காலை 9:05

மூணாவது கேள்விக்கு வர்றேன். "இலங்கையில விபத்து கம்மி" என்பதை எண்ணால பாக்கலாம்.

2022இல் இந்தியாவில சாலை விபத்து மரணம் 1,68,491. மக்கள்தொகை சுமார் 141 கோடி. லட்சம் பேருக்கு 12 பேர். இலங்கையில ஆண்டுக்கு 2,000க்கு மேல், 3,000க்குள்ள. மக்கள்தொகை 2.2 கோடி. லட்சத்துக்கு 9லிருந்து 14க்குள்ள வருது. ஆக ரெண்டு நாடும் ஒரே தட்டுலதான் நிக்குது.

ஆனா அதே 2022இல் தமிழ்நாட்டில மட்டும் 17,884 பேர். மக்கள்தொகையை 7.7 கோடின்னு வச்சாலும் லட்சத்துக்கு 23. அதாவது நாட்டுச் சராசரியைப்போல ரெண்டு மடங்கு. இலங்கையோட ஒப்பிடணும்னா இந்தியாவை விடுங்க, தமிழ்நாட்டை வைங்க. அப்போ "அங்கே கம்மி" என்பது சரிதான்.

---

உப்பளம் | காலை 9:20

தமிழ்நாட்டில வண்டியும் அதிகம், வழக்குப் பதிவும் ஒழுங்கா நடக்குது. அதனால எண் ஏறித் தெரியுது. பீகார்ல பதிவாகாத விபத்து எத்தனையோ?

---

முந்திரிக்காடு | காலை 9:34

விபத்து எண்ணிக்கைக்கு அது பொருந்தும், சாவு எண்ணிக்கைக்குக் கொஞ்சம்தான் பொருந்தும். பிணத்தை மறைக்கிறது கஷ்டம். வண்டி அதிகம் என்பதை ஒத்துக்கிறேன், அதுலயும் டூவீலர். 2022 நாட்டுக் கணக்குல செத்தவங்கள்ல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029 பேர், அதுல 14,337 பேர் பின்னால உட்கார்ந்தவங்க. அந்தப் பதினாலாயிரத்தைப் பத்தி யாரும் பேசுறதில்லை.

---

வடமராட்சி | காலை 10:10

பின்னால இருக்கிறவை விசயத்தில வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில பின்னுக்கு இருக்கிறவரும் ஹெல்மெட் போடாமல் ஒரு சந்தியைக் கடக்கேலாது, மறிப்பினம். சட்டம் ரெண்டு இடத்திலயும் ஒண்டுதான்.

வேகத்தைச் சொல்லுறன். இலங்கையில ஊர்மனைக்குள்ள 50, வெளியில 70, அதிவேகப் பாதையில 100. மோட்டச்சைக்கிளுக்கும் 50, 70தான். ஆட்டோவுக்கு எங்கயும் 40. அதிவேகப் பாதையில மோட்டச்சைக்கிளும் ஆட்டோவும் ஏறவே ஏலாது. 2011 நவம்பரில தெற்கு அதிவேகப் பாதை திறந்த நாளில இருந்து அப்பிடித்தான். வடக்கில அதிவேகப் பாதை இல்லை, அதால உங்களுக்கு 50, 70 ரெண்டும் போதும்.

---

மரப்பாலம்சிக்னல் | காலை 10:26

நம்ம பக்கம்: நாலுவழிச் சாலையில கார் 100, பைக் 80. நகராட்சி எல்லைக்குள்ள கார் 70, பைக் 60. ஆட்டோ 50.

---

கெடிலக்கரை | காலை 10:58

மரப்பாலம் தம்பி, அது 2018 ஏப்ரல் மத்திய அறிவிப்பு. அந்த அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல ரத்து பண்ணுச்சு. அதில்லாம மோட்டார் வாகனச் சட்டம் 112ஆவது பிரிவுப்படி மாநிலம் அதைவிடக் குறைச்சும் வைக்கலாம். அதனால எண்ணை மனப்பாடம் பண்ணாம சாலையோரப் பலகையைப் பாருங்க. கேமரா அபராதமும் பலகை எண்ணை வச்சுத்தான் வரும்.

வேகத்தைப் பத்திப் பேசும்போது எல்லாரும் எண்ணோட நிறுத்திடறாங்க. நிறுத்துற தூரத்தைப் பாருங்க. கண்ணுல பட்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடின்னு வச்சுக்குங்க.

60இல போனா அந்த ஒன்றரை விநாடியில 25 மீட்டர் ஓடியிருக்கும், அப்புறம் காய்ஞ்ச ரோட்டுல பிரேக் பிடிச்சு 20 மீட்டர். மொத்தம் 45.

80இல 33 கூட்டல் 36. கிட்டத்தட்ட 70.

100இல 42 கூட்டல் 56. கிட்டத்தட்ட நூறு மீட்டர்.

ஈர ரோட்டுல முதல் எண் மாறாது, ரெண்டாவது எண் ஒண்ணேமுக்கால் மடங்கு ஆகும். ஐப்பசி மழையில 80இல போற வண்டிக்கு 96 மீட்டர் வேணும். முன்னால போற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டினதும் "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு" எண்ணுங்க. எண்ணி முடிக்கிறதுக்குள்ள நீங்க அந்தக் கம்பத்துக்கு வந்துட்டா நெருங்கிட்டீங்கன்னு அர்த்தம். மழையில அஞ்சு வரைக்கும் எண்ணணும்.

விழுப்புரம் – நாகப்பட்டினம் நாலுவழிச் சாலையில பிரச்சினை வேகம் மட்டும் இல்ல. அது அதிவேகப் பாதை கிடையாது, சும்மா அகலமான ரோடு. ஊர் வழி வந்து சேருது, மாடு குறுக்கே வருது, சென்டர் மீடியன் இடைவெளி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தா எதிர்த்திசையிலேயே டூவீலர் வருது. இலங்கையின் அதிவேகப் பாதையில நுழையுற இடம், வெளியேறுற இடம் ரெண்டும் கட்டுக்குள்ள இருக்கு. நுழையும்போது டிக்கெட், வெளியேறும்போது தூரத்துக்கு ஏத்த பணம். 100 அங்கே தாங்கும். அதே 100 இங்கே ஆலப்பாக்கம் பக்கம் தாங்காது.

---

உப்பளம் | காலை 11:30

சரி, யாரும் தொடாத விஷயம். முள்ளோடை, கடலூர் எல்லையை ஒட்டின பாண்டிப் பக்கத்து மதுக்கடைகள்.

---

கெடிலக்கரை | பகல் 12:05

கேட்டதுக்கு நன்றி. இதுலதான் ரெண்டு நாட்டுச் சட்டத்துக்கும் பெரிய இடைவெளி.

இந்தியாவில 185ஆவது பிரிவு: 100 மி.லி. ரத்தத்துல 30 மி.கி. ஆல்கஹால். இலங்கையில பல வருஷமா 80 மி.கி.தான் கணக்கு, குறைக்கணும்னு பேச்சு நடக்குது.

இதைப் பாட்டில் கணக்குல சொல்றேன். 650 மி.லி. சாதா பீர், 5 சதவீதம். உள்ளே 32.5 மி.லி. ஆல்கஹால், எடை சுமார் 26 கிராம். 70 கிலோ ஆணுக்கு இது ரத்தத்துல 54 மி.கி. அளவுக்கு ஏறும். அதாவது ஒரே பாட்டில்ல இந்தியச் சட்டத்தைத் தாண்டியாச்சு, இலங்கைச் சட்டத்துக்குள்ள இருக்காரு. அதே அளவு 8 சதவீத ஸ்ட்ராங்னா 41 கிராம், 86 மி.கி., ரெண்டு நாட்டுலயும் குற்றம். உடம்பு மணிக்கு 15 மி.கி. தான் இறக்கும். மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அந்த 15ஐ 16 ஆக்காது. ஸ்ட்ராங் குடிச்சவர் 30க்கு இறங்க மூணே முக்கால் மணி நேரம் ஆகும். 55 கிலோ எடை உள்ளவருக்கு இதைவிடக் கூட.

முள்ளோடையிலிருந்து கடலூர்ப் பக்கம் ஆல்பேட்டைக்கு எவ்வளவு நேரம்னு உங்களுக்கே தெரியும்.

முதல் தடவை பிடிபட்டா 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். இது ஸ்பாட்ல கட்டிட்டுப் போற சமாச்சாரம் இல்ல, கோர்ட்டுக்குப் போகும்.

அங்கே 80 வரை விடுறாங்களேன்னு யாரும் சந்தோஷப்பட வேண்டாம். நம்ம இன்சூரன்ஸ் பாலிசிகள்லயும் பயணக் காப்பீட்டுலயும் "போதையில் இருந்தால் இழப்பீடு இல்லை"ன்னு ஒரு வரி இருக்கும். அந்த வரி 80ஐப் பாக்காது.

---

வடமராட்சி | பகல் 12:40

நடந்து போறவையைப் பற்றிச் சொல்லவேணும். பாதசாரிக் கடவை (ஊரில இப்பவும் மஞ்சள் கோடு எண்டுதான் சொல்லுவினம்) ஒண்டில ஆள் கால் வைச்சால் வாகனம் நிக்கும். நிக்கவேணும், இல்லையெண்டால் குற்றம். தமிழ்நாட்டில இருந்து வாற ஆக்கள் விடுற முதல் பிழை இதுதான். ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வளைச்சு எடுக்கப் பாப்பினம். கடவைக்கு முன்னால ஒரு பஸ் நிண்டால் அது ஆள் இறக்கிறதுக்கு மட்டும் நிக்கேல்லை எண்டு நினையுங்கோ. அதுக்கு முன்னால ஒரு பள்ளிப் பிள்ளை கடந்துகொண்டிருக்கும், பஸ் மறைச்சிருக்கும்.

---

மரப்பாலம்சிக்னல் | பகல் 1:02

சட்டம் இங்கேயும் அதேதான். 2017 ஓட்டுநர் விதிமுறைகள்படி சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டுல நடந்து போறவங்களுக்குத்தான் முன்னுரிமை. ஆனா அரியாங்குப்பத்துல திடீர்னு ஜீப்ராவுக்கு மதிப்புக் கொடுத்து நிறுத்திப் பாருங்க, பின்னால வர்றவன் உங்க நம்பர் பிளேட்ல ஏறிடுவான். அவன் அதை எதிர்பார்க்கல.

அதுக்காக நிறுத்தாம இருக்க முடியாது. முன்னாடியே ஆக்சிலேட்டரை விடுங்க. பிரேக்கை ரெண்டு தடவை லேசாத் தட்டுங்க, பின்விளக்கு மினுக்கும். கண்ணாடியைப் பாருங்க. பின்னால வர்றவன் தணியுறான்னு தெரிஞ்சப்புறம் நில்லுங்க. கடக்குறவங்களுக்குக் கையைக் காட்டி "வாங்க வாங்க"ன்னு கூப்பிடாதீங்க. உங்களை நம்பி வருவாங்க, பக்கத்து லேன்ல வர்றவன் நிக்க மாட்டான்.

ரவுண்டானாவும் அப்படித்தான். உள்ளே சுத்துற வண்டிக்கு வழி, அதாவது வலது பக்கம் வர்றவனுக்கு. ரெண்டு நாட்டுலயும் இதே விதி. அங்கே சுற்றுவட்டத்துல அதைக் கடைப்பிடிக்கிறாங்க, இங்கே யார் மூக்கை முதல்ல நுழைக்கிறாங்களோ அவங்களுக்கு வழி. பாண்டி இந்திரா காந்தி சதுக்கத்துக்கு சிக்னல் தேவைப்பட்டது சும்மாவா?

---

ஓ.டி.துறைமுகம் | பகல் 1:30

போர்டு எல்லாம் படிக்க முடியுமா அங்கே?

---

வடமராட்சி | பகல் 1:48

மூண்டு மொழியிலயும் இருக்கும். தமிழ்தான், ஆனால் சொல்லு வேற. வீதி எண்டால் ரோடு. சாரதி எண்டால் டிரைவர். தரிப்பிடம் எண்டால் பார்க்கிங். புகையிரதக் கடவை எண்டால் உங்கட ரயில்வே கேட். தண்டப்பணம் எண்டால் அபராதம், அதை மட்டும் படிக்க வேண்டி வராமல் பாருங்கோ. எச்சரிக்கைப் பலகை உங்கட மாதிரி சிவப்பு விளிம்பு முக்கோணம் இல்லை, மஞ்சள் நிறத்தில டயமண்ட் வடிவம்.

---

ரயில்பாதை | பிற்பகல் 3:20

புகையிரதக் கடவைன்னதும் எழுதணும்னு தோணுச்சு. கடலூர்க்காரங்களுக்கு செம்மங்குப்பம் மறக்காது. 2025 ஜூலை 8, பள்ளி வேன் மேல விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதி மூணு மாணவர்கள் இறந்தாங்க. அது ஆள் இருக்குற கேட்தான், ஆனா இன்டர்லாக் இல்லாத கேட்.

இந்த ஒரு சொல்லுக்குள்ள எல்லாம் இருக்கு. இன்டர்லாக் உள்ள கேட்ல தடுப்புக் கம்பு முழுசா இறங்கிப் பூட்டு விழுந்தாத்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். கேட் திறந்திருந்தா சிக்னல் சிவப்புலயே நிக்கும், ரயில் வராது. மனுஷன் மறந்தாலும் கம்பி மறக்காது. இன்டர்லாக் இல்லாத கேட்ல ஸ்டேஷன் மாஸ்டர் போன் போடுவார், கேட்மேன் மூடிட்டு ஒரு ரகசிய எண்ணைச் சொல்லுவார், அந்த எண்ணை எழுதிக்கிட்டு சிக்னல் கொடுப்பாங்க. மூடினாரா இல்லையான்னு சிக்னலுக்குத் தெரியாது. வாய்வார்த்தைதான்.

அதனால திறந்திருக்குற கேட்டைப் பார்த்து "ரயில் இல்ல"ன்னு முடிவு பண்ணக் கூடாது. தண்டவாளத்துக்கு முன்னாடி வேகத்தைக் குறைச்சு, ஏசி வண்டின்னா கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, ரெண்டு பக்கமும் பாருங்க. 100 கி.மீ. வேகத்துல வர்ற ரயில் விநாடிக்கு 28 மீட்டர். ஒரு வேன் கடக்க அஞ்சாறு விநாடி. அதுக்குள்ள ரயில் 150 மீட்டர் வந்திருக்கும். டிரைவர் பிரேக் போட்டாலும் நிக்க அரை கிலோமீட்டருக்கு மேல ஆகும்.

இந்தியாவில அகலப்பாதையில ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியோட முழுசா எடுத்துட்டாங்க. இலங்கையில மணியும் விளக்கும் மட்டும் இருக்குற கடவை, அதுவும் இல்லாத கடவை இன்னும் நிறைய. 2005 ஏப்ரல் 27 யாங்கல்மோதரையில ரயில் மோதி பஸ்ஸோட 35 பேருக்கு மேல போனாங்க. நம்ம சட்டத்துல 131ஆவது பிரிவு ஒண்ணு இருக்கு: ஆளில்லாத கடவையில வண்டியை நிறுத்தி, கிளீனரோ கண்டக்டரோ இறங்கி தண்டவாளம் வரைக்கும் நடந்து போய்ப் பாத்துட்டு வரணும், யாரும் இல்லைன்னா டிரைவரே இறங்கணும். இங்கே அதுக்கு வேலை போயிடுச்சு. யாழ்ப்பாணத்து உள் வீதிகள்ல போறவங்க அதைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

---

உப்பளம் | மாலை 4:05

கேட் மூடினப்புறம் கம்புக்கு அடியில பைக்கைச் சாய்ச்சு நுழைக்கிறவங்களுக்கு எந்த இன்டர்லாக்?

---

ரயில்பாதை | மாலை 4:11

அவங்களுக்கு ரயில்வே சட்டம் இருக்கு. படிக்க நேரம் இருந்தா.

---

வடமராட்சி | மாலை 5:00

தண்டப்பணம் எப்பிடி நடக்குது எண்டு கேப்பியள். சின்னக் குற்றமெண்டால் பொலிஸ் அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைச்சுக்கொண்டு தண்டச்சீட்டுத் தருவினம். 14 நாளைக்குள்ள தபால் கந்தோரில காசு கட்டி, ரசீதோட அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய் அனுமதிப்பத்திரத்தை எடுக்கவேணும். அந்த 14 நாளும் சீட்டுத்தான் தற்காலிக அனுமதி. பிந்தினால் ரெட்டிப்பு, அதுக்கும் பிந்தினால் நீதிமன்றம். 2025இல இருந்து கைத்தொலைபேசியில கட்டுற முறையும் வருது.

பெரிய குற்றம், அதாவது குடிச்சிட்டு ஓடுறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடுறது, காப்புறுதி இல்லாதது எல்லாம் 25,000 ரூபாவில (இலங்கைக் காசு) தொடங்குது, நீதிமன்றம்தான்.

கப்பல் நாளைக்குக் காலமை எண்டு வைச்சுக்கொண்டு சனிக்கிழமை பின்னேரம் மாட்டினால், தபால் கந்தோர் பூட்டு. மிச்சத்தை யோசியுங்கோ.

---

முந்திரிக்காடு | மாலை 5:25

இதுதான் வித்தியாசம்னு எனக்குத் தோணுது. அபராதத் தொகையில நம்ம ஒண்ணும் குறைஞ்சவங்க இல்ல. தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து ஹெல்மெட் 1,000, சீட் பெல்ட் 1,000, உரிமம் இல்லைன்னா 5,000, ஆம்புலன்ஸுக்கு வழி விடலைன்னா 10,000. ஆனா இ-சலான் போன்ல ஒரு மெசேஜா வந்து நிக்குது. வண்டியை விக்கிற அன்னிக்குத்தான் 14 சலான் நிலுவைன்னு தெரியுது. அங்கே கார்டு கையை விட்டுப் போயிடுது. கட்டாம தூங்க முடியாது.

---

மரப்பாலம்சிக்னல் | மாலை 5:40

அதுல ஒரு கெட்டதும் இருக்கு. கார்டு போலீஸ் கையில இருந்தா பேரம் அங்கேயே ஆரம்பிக்கும். நம்ம பக்கம் டிஜிலாக்கர்ல காட்டினாலே போதும்னு ஆனதுக்கு அது ஒரு நல்ல பக்கம். கார்டைப் பிடுங்க வழியில்ல.

---

கெடிலக்கரை | மாலை 6:30

அடிபட்டா என்ன பண்றதுன்னு யாரும் எழுதலை. எண்கள்: இங்கே 108, தேசிய நெடுஞ்சாலைன்னா 1033. அங்கே ஆம்புலன்ஸ் 1990, போலீஸ் 119. 1990 என்பது 'சுவசெரிய' சேவை, 2016இல இந்தியா கொடுத்த நிதியில நம்ம 108 மாதிரியே தொடங்கினது, 2018இல வடக்குக்கும் வந்துச்சு. தமிழ்ல பேசலாம்.

பணம் விஷயத்துல நம்ம பக்கம் முன்னால இருக்கோம். தமிழ்நாட்டு எல்லைக்குள்ள யார் அடிபட்டாலும், எந்த மாநிலத்தவரா இருந்தாலும், வெளிநாட்டவரா இருந்தாலும், 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. 2021 டிசம்பர் 18இல மேல்மருவத்தூர்ல தொடங்கினது. பட்டியல்ல உள்ள தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும்.

பாண்டியிலிருந்து நாகப்பட்டினம் போறவங்க ஒண்ணு கவனிக்கணும். பாண்டி, கடலூர், காரைக்கால், நாகைன்னு எல்லை மூணு தடவை மாறுது. இந்த 48 மணி நேரத் திட்டம் விபத்து நடந்த இடத்தைப் பாக்கும், வண்டி நம்பரைப் பாக்காது. கன்னியக்கோயில்ல அடிபட்டா அது புதுச்சேரி. அங்கே 2025 மே மாசம் வந்த மத்திய அரசின் பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தைக் கேளுங்க: ஏழு நாள் வரைக்கும், ஒன்றரை லட்சம் ரூபாய் வரைக்கும், நாடு முழுக்க. கேக்கலைன்னா பல இடத்துல அவங்களா சொல்ல மாட்டாங்க.

தூக்கிட்டுப் போறவங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பாதுகாப்பு. பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சாட்சிக்கு இழுக்க முடியாது. தயங்காதீங்க. ஆனா ஹெல்மெட்டை இழுத்துக் கழட்டாதீங்க. மூச்சு விடுறாருன்னா முன் கண்ணாடியை மட்டும் தூக்கி விட்டு, தலை ஆடாமப் பிடிச்சுக்கிட்டு 108க்குக் காத்திருங்க.

---

உப்பளம் | இரவு 7:15

ராத்திரி ஓட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டர் சீசன்ல பின்னால ஒரு விளக்கு இருக்காது. கரும்புத் தோகை தொங்கி இருக்குற ரிஃப்ளெக்டரையும் மூடிடும். அங்கே எப்படி?

---

வடமராட்சி | இரவு 7:38

அங்க லேண்ட்மாஸ்டர், ரெண்டு சில்லு உழவு மெசின். அதுக்கும் பின்னால விளக்கு இல்லை. வன்னியில ஏ9 றோட்டில மாடு படுத்துக் கிடக்கும், தார் சூடா இருக்கிறபடியால். கறுத்த மாடு, கறுத்த றோடு. எதிர்ல வாற பஸ் லைட்டைப் போட்டால் உங்களுக்கும் மாட்டுக்கும் நடுவில ஒண்டும் தெரியாது. பஸ் கடந்த பிறகு மூண்டு நாலு விநாடி கண் திரும்ப வராது, அந்த நேரம்தான் மாடு. லைட் வாறபோதே இடது ஓரத்துக் கோட்டைப் பாருங்கோ, வேகத்தை 40க்கு இறக்குங்கோ.

இன்னொண்டு, எதிர்ல வாறவர் லைட்டை ரெண்டு தரம் மினுக்கினால் பெரும்பாலும் "முன்னுக்குப் பொலிஸ் நிக்குது" எண்டு அர்த்தம். உங்கட ஊரில "நான் வாறன், ஒதுங்கு" எண்டு அர்த்தமாம். ரெண்டுக்கும் பிரேக்தான் மறுமொழி.

---

ஓ.டி.துறைமுகம் | இரவு 8:20

இவ்வளவு போதும், ஸ்கூட்டர் ஆசையை இந்தத் தடவை விட்டுட்டேன், ஆட்டோதான். ஒரு கடைசிக் கேள்வி. அடுத்த தடவை ஒப்புதல் எல்லாம் எடுத்துட்டுப் போறவங்க ஹெல்மெட்டை இங்கிருந்தே கொண்டு போறது நல்லதா? வாடகைக் கடை ஹெல்மெட் எப்படி இருக்குமோ.

---

கெடிலக்கரை | இரவு 8:47

கொண்டு போங்க. வாடகை ஹெல்மெட் எந்த நாட்டிலயும் எத்தனை தடவை கீழே விழுந்ததுன்னு தெரியாது. உள்ளே இருக்குற வெள்ளைத் தெர்மோகோல் ஒரு தடவை அமுங்கினா மறுபடி எழாது. வெளியில கீறல்கூட இருக்காது, ஆனா வேலை முடிஞ்சுபோச்சு.

வாங்கும்போது பின்னால ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதுக்கு மேல ஐஎஸ் 4151, கீழே சிஎம்/எல்ன்னு தொடங்குற எண். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில போட்டா தயாரிப்பாளர் பேர் வரும். வரலைன்னா ரோட்டோர ஸ்டிக்கர்னு அர்த்தம். போட்டுக்கிட்டு வாரை இறுக்குங்க, தாடைக்கும் வாருக்கும் நடுவில ரெண்டு விரல் போகணும், மூணு போகக் கூடாது. அப்புறம் பின்னாலிருந்து மேல தள்ளிப் பாருங்க. நெத்திக்கு வந்து கழண்டா ஒரு சைஸ் சின்னதா எடுங்க.

பின்னால உட்கார்றவங்களுக்கும் சேர்த்து ரெண்டு.